குடும்பத் தலைவர் என்ற கட்டம்

அதிகாரி வந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். ஓவர்சீயர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், மகளைக் கட்டிய மாப்பிள்ளை, குடியேற்ற அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரி, அவர் கூட்டி வந்திருந்த, தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாள். ஏழாவது ஆள் கிடையாது. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகப் பிற்பாடு கதை சொல்லித் திரிந்த மூன்றாம் மாடிக்காரர் முதல் நாள் பல் வைத்தியரிடம் போயிருந்தார். இரண்டாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஓவர்சீயர் என்பது உத்தியோகப் பெயர். இந்த அயல்நாட்டு நகரத்தின் குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருஷம் குழாய் பதிக்கும் வேலையை மேற்பார்த்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் ஓவர்சீயர்தான். எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்தில் குழாய் போகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே வால்வு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். குடியேற்ற அலுவலகக் கட்டடத்துக்குத் தண்ணீர் போகும் குழாயும் அவர் வெயிலில் நின்று பதித்ததுதான். அந்தக் கட்டடத்தில்தான் அவர் வருஷத்துக்கு ஒரு முறை, எண் அச்சிட்ட துண்டுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு வருஷம் இங்கே இருந்துகொள்ளலாமா என்று கேட்டு நிற்க வேண்டும்.

சும்மா கேட்டால் போதாது. இரண்டு காதும் தெரியும்படி புகைப்படம். நெஞ்சில் கோளாறு இல்லை என்று எக்ஸ்ரே. யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை என்று காவல் நிலையச் சான்று. பென்ஷன் வருகிறது என்று வங்கிக் கடிதம். உயிரோடுதான் இருக்கிறார் என்று இன்னொரு கடிதம். ஆளே எதிரில் நின்றாலும் கடிதம் வேண்டும்.

ஒன்பது வருஷம் அவர் அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார் என்றால் அதற்குக் காரணம் இரண்டு வார்த்தை. விசாவில் அவர் பெயருக்கு நேரே ‘சொந்த ஆதாரம்’ என்று இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் இதே நகரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சொந்த வீட்டில் இருந்தார்கள். இவர்கள் இந்தப் பக்கம், இரண்டாம் மாடியில், இரண்டு அறை வாடகை வீட்டில். விடிந்ததும் பூங்காவை நாலு சுற்று. வரும் வழியில் பாலும் ரொட்டியும். பத்து மணிக்கு மனைவிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது. சாயங்காலம் பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர். பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய் ஒரு வேளைக்கு மேல் கை நனைத்ததில்லை.

இந்த வருஷம் புது விதி வந்தது. எழுபது வயது தாண்டியவர்களின் வீட்டை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். கணவனையும் மனைவியையும் தனித்தனியே விசாரிப்பார்.

“எழுபது முடிஞ்சா மனுஷன் பொய் பேச ஆரம்பிச்சுடுவானா?” என்று ஓவர்சீயர் கேட்டார்.

“அறுபதுலயே ஆரம்பிச்சவங்களும் உண்டு” என்றாள் மனைவி.

அதிகாரி வருகிற அன்று ஃபைலை அடுக்கிக் கொடுக்க மகள் வந்தாள். காரில் கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளை அப்படியே போயிருக்கலாம். நல்ல மனிதர், உதவியாக இருக்குமே என்று உள்ளே வந்தார். வினையும் அவர் பின்னாலேயே வந்தது.

மாப்பிள்ளை நுழைந்தால் ஓவர்சீயர் எழுந்து நிற்பார். பதினொரு வருஷமாக அப்படித்தான். ஜன்னலோரம் கை வைத்த பெரிய நாற்காலி ஒன்று உண்டு. “வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க” என்று அதைக் காட்டுவார். முதல் காபி மாப்பிள்ளைக்குப் போகும். “நீங்களும் உட்காருங்க மாமா” என்று அவர் மூன்று தடவை சொன்ன பிறகு, சுவரோரம் கிடக்கும் ஸ்டூலில் ஓவர்சீயர் பட்டும் படாமலும் உட்காருவார். மரியாதை தெரிந்த குடும்பம்.

அன்றும் அப்படியே நடந்தது. அதற்குள் வந்து உட்கார்ந்திருந்த அதிகாரி இதையெல்லாம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஓவர்சீயரைப் படுக்கையறைக்குள் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். மனைவியிடம், மொழிபெயர்ப்பாளர் வழியாக, இந்த வீடு யாருடையது, யார் சொல்படி நடக்கிறது என்று கேட்டார்.

மாப்பிள்ளை இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி வேறு என்ன சொல்வாள்?

“எல்லாம் எங்க மாப்பிள்ளையோடதுதாங்க. அவர் சொன்னா சரிதான். அவரை விட்டா எங்களுக்கு யாரு?”

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் பிசகாமல் அதைச் சொன்னார். அதிகாரி ஒரு சொல் பிசகாமல் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. குடும்பத் தலைவர்: மருமகன். விண்ணப்பதாரர்: மருமகனைச் சார்ந்திருப்பவர். ஆகவே ‘சொந்த ஆதாரம்’ பிரிவில் விசாவைப் புதுப்பிக்க இயலாது. மருமகன் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் ‘சார்ந்திருப்போர்’ பிரிவில் வழங்கலாம். அப்படியானால் விண்ணப்பதாரர் தம் துணைவியுடன் மருமகனின் முகவரியிலேயே வசிக்க வேண்டும். பழைய விசா முடியப் பத்தொன்பது நாள் இருந்தது.

ஓவர்சீயர் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். காதுமடல் சிவந்தது.

“அன்னிக்கு அந்த ஆள்கிட்ட என்ன சொன்னே நீ?”

மனைவி சொன்னாள்.

“வாய்தானா அது?”

“பின்ன? மாப்பிள்ளை மூஞ்சிக்கு நேரா, ‘இது எங்க வீடு, உங்களுக்கு இங்க ஒண்ணும் கிடையாது’ன்னு சொல்லவா? சேலை நல்லாருக்கேன்னு ஒருத்தி சொன்னா, ‘நீங்களே எடுத்துக்குங்க’ன்னுதானே சொல்றோம். அதுக்காக உருவிக்கிட்டா போறாங்க?”

“சர்க்கார் உருவும்! உருவிட்டுப் போயிடுச்சு!”

“என்னை மட்டும் சொல்லுங்க. அவருக்கு நாற்காலியைக் காட்டிட்டு நீங்க ஏன் காவக்காரன் மாதிரி நின்னீங்க?”

அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடியும் கடிதத்தைப் படித்தார். கடிதம் மாறவில்லை.

சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். ஓவர்சீயர் எழுந்து நின்றார். மாப்பிள்ளை பெரிய நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்கா மாமா இவ்வளவு? நான் கையெழுத்துப் போட்டுடறேன். மாடி ரூம் சும்மாதானே கிடக்கு. எக்ஸ்ரே, போலீஸ் சான்று எதுவும் வேண்டாம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை போனா போதும். ஒரு பேப்பர்தானே மாமா.”

“கல்யாணப் பத்திரிகையும் பேப்பர்தான் மாப்பிள்ளை, கருமாதிப் பத்திரிகையும் பேப்பர்தான். உங்க மனசு பெரிசு. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பேனாவை மூடி வச்சுக்குங்க.”

“அப்பா, அவர் நல்லதுக்குத்தான் சொல்றாரு” என்றாள் மகள்.

“நல்லதுக்குத்தாம்மா. சம்பாதிச்ச பென்ஷன்ல வாடகை கொடுத்து, என் கதவுக்கு நானே பூட்டுப் போட்டுக்கிட்டு இருக்கேன். என்னைக் கூட்டிட்டுப் போய் மாடி ரூம்ல வச்சு, நெத்தியில ‘சார்ந்திருப்பவர்’னு ஒட்டறது நல்லதுக்குன்னா, கெட்டது எப்படிம்மா இருக்கும்?”

மறுநாள் காலை குடியேற்ற அலுவலகத்தில் அவருடைய எண் நூற்றுப் பதினேழு. அந்த எண் வருவதற்குள் பூங்காவும் போயிற்று, பத்து மணி மாத்திரையும் போயிற்று. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே அதிகாரி. பக்கத்து மேஜையில் அதே மொழிபெயர்ப்பாளர். அவர் உதவி ஓவர்சீயருக்குத் தேவையில்லை. இருபத்தாறு வருஷம் வேலையாட்களைத் திட்டிப் பழகிய அந்த ஊர் மொழி அவருக்கு நன்றாகவே வரும்.

“அன்று பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்?” என்று அதிகாரி கேட்டார்.

“மாப்பிள்ளை.”

“நின்றது?”

“நான்.”

“காபி முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது?”

“அவருக்கு.”

“உங்கள் மனைவி சொன்னதும் பதிவாகியிருக்கிறது. இதில் நான் எதைத் தவறாக எழுதினேன்?”

“பார்த்ததைச் சரியா எழுதினீங்க. புரிஞ்சுக்கிட்டதுதான் தலைகீழ்” என்றார் ஓவர்சீயர். “இந்தக் கட்டடத்துக்குத் தண்ணிக் குழாய் பதிச்சவன் நான். இத்தனை வருஷமா நீங்க குடிக்கிற தண்ணி அதுல வருது. யார் யாரைச் சார்ந்திருக்காங்கன்னு எழுதணும்னா, அதையும் சேர்த்து எழுதுங்க.”

பக்கத்து மேஜையில் மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி குனியவில்லை, சிரிக்கவுமில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு வீட்டில் மறு பார்வை, இந்தத் தடவை இருவரையும் சேர்த்தே விசாரணை. அதற்கு மேல் முறையீடு கிடையாது என்று சொல்லி அடுத்த எண்ணை அழைத்தார்.

புதன்கிழமை வீட்டில் ஒத்திகை நடந்தது. பெரிய நாற்காலியில் ஓவர்சீயர் உட்கார வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. “இது எங்க வீடு. இவர் சொல்றபடிதான் நடக்குது” என்று மனைவி சொல்ல வேண்டும். அவள் அதை ஏழு தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் “இவர் சொல்றபடிதான்” என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை வர வேண்டாம் என்பதை அவர் மனம் நோகாமல் சொல்லும் பொறுப்பு மகளுக்கு.

வியாழக்கிழமை எல்லாம் ஒழுங்காகப் போனது. ஓவர்சீயர் கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மனைவி சிரிக்காமல் சொல்லி முடித்தாள். அதிகாரி, பென்ஷனுக்கான வங்கிக் கடிதத்தைக் கேட்டார். மகள் ஃபைலைப் புரட்டினாள். காகிதம் இல்லை. பையைக் கவிழ்த்தாள். அதிலும் இல்லை.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. கடிதம் காரிலேயே கிடந்ததாம். மகளை இறக்கிவிட்டுத் தன் அலுவலகத்துக்குப் பாதி வழி போனவர் திரும்பிக் கொண்டுவந்திருக்கிறார். மாப்பிள்ளை வாசலில் நின்றார்.

ஓவர்சீயரின் முழங்கால்கள் அவரைக் கேட்காமலே நிமிர்ந்தன.

“வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க.”

கை வேறு பெரிய நாற்காலியைக் காட்டிவிட்டது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரியின் பேனா காகிதத்தைத் தொட்டது.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் ஓவர்சீயருக்கு அந்த ஊர் மொழியெல்லாம் மறந்துபோயிற்று. தமிழில் வெடித்தார்.

“எழுதுங்க! எழுந்து நின்னேன்னு எழுதுங்க! நாளைக்கு வந்தாலும் நிப்பேன். வீடு தேடி வந்தவங்களை நின்னு வாங்கன்னு கூப்பிடற உரிமை வீட்டுக்காரனுக்குத்தான் உண்டு. உட்கார்றவர் விருந்தாளி! என் மரியாதையை எனக்கே விலங்காப் போடறீங்களா? சந்தேகமா இருந்தா ஒண்ணு பண்ணுங்க. இந்தக் குடும்பத் தலைவரை, இந்த வீட்டு அடுப்படியில போய் ஒரு டம்ளர் தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லுங்க!”

மொழிபெயர்ப்பாளர் இந்தத் தடவையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அதிகாரி சிறிது யோசித்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, பேனாவால் சமையலறையைக் காட்டினார்.

மாப்பிள்ளை போனார். கூடத்திலிருந்து பார்த்தால் சமையலறை முழுதும் தெரியும். முதல் அலமாரியைத் திறந்தார்: அரிசி டப்பா, பருப்பு டப்பா. அடுத்ததில் மருந்துப் பை. கீழே இருந்ததைத் திறந்தார்: ஓவர்சீயரின் பழைய ஸ்பானர்கள், வாஷர்கள், ஒரு பித்தளை வால்வு. நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்.

“எங்க வீட்டுலயே இவருக்கு டம்ளர் எங்க இருக்குன்னு தெரியாது” என்று மகள் முணுமுணுத்தாள்.

மொழிபெயர்ப்பாளர் ஓவர்சீயரைப் பார்த்தார். “ஐயா, இதையும் சொல்லணுமா?”

“வேண்டாம்மா. அது அவங்க குடும்ப விஷயம்.”

கடைசியில் மாப்பிள்ளை ஒரு கிண்ணத்தைக் கண்டுபிடித்துக் குழாயடியில் பிடித்துத் திருகினார். தண்ணீர் வரவில்லை. இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். காலிக் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

“மாமா, தண்ணி வரலையே.”

அதிகாரி ஓவர்சீயரைப் பார்த்துத் தலையசைத்தார். ஓவர்சீயர் உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் கொக்கியில் கவிழ்த்து மாட்டியிருந்த டம்ளர்களில் இரண்டை எடுத்தார். குனிந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கையை விட்டு, வால்வை அரைச் சுற்றுத் திருப்பினார். சமையலறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் அதை மூடிவிட்டு வருவது இருபத்தாறு வருஷ உத்தியோகம் அவருக்குக் கொடுத்த பழக்கம். ஒரு சொட்டு வீணாகக் கூடாது. தண்ணீர் வந்தது.

முதல் டம்ளரை மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். இரண்டாவதை அதிகாரிக்குக் கொடுத்தார்.

அதிகாரி முழுதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பழைய அறிக்கையில் ஒரு கோடு போட்டு, புதுப் படிவத்தை எடுத்து எழுதினார். எழுதி முடித்து, அங்கிருந்தவர்கள் எல்லோரும் அவரவர் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று காகிதத்தைச் சுற்றுக்கு விட்டார். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தை விரலால் தட்டி ஓவர்சீயருக்குக் காட்டினார். ஓவர்சீயர் நின்றபடியே குனிந்து, முழுப் பெயரையும் எழுதி, கீழே கோடு இழுத்தார்.

பழைய விசா முடிய ஆறு நாள் இருக்கும்போது புதியது வந்தது. ‘சொந்த ஆதாரம்.’ ஓவர்சீயர் அதை ஃபைலில் வைத்து, அடுத்த வருஷத்து எக்ஸ்ரேக்கு இப்போதே நாள் குறித்துக் காலண்டரில் எழுதினார்.

மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டதால்தான் ஓவர்சீயருக்கு விசா கிடைத்தது என்று மூன்றாம் மாடிக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டது உண்மை. ‘வருகை தந்தோர்’ என்ற கட்டத்தில் போட்டார்.