தரைதட்டிய படகு

ஆறு மாதமாகத் தூக்கம் பிடிக்காமல், ஒரு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்து காரங்காடு என்ற கடலோரக் கிராமத்துக்கு வந்திருந்தாள் சுகந்தி. கடலோரத்தில் இரண்டு இரவுகளும் காற்றைக் கேட்டுக்கொண்டே அலுவலகத்தைத்தான் நினைத்துக் கிடந்தாள். கடைசி நாள் காலை, மாலை ரயில்வரை பொழுது போகட்டுமென்று ஊர்க்காரி ஜெசிந்தா ஓட்டிய சுற்றுலாப் படகில் ஏறி அலையாத்திக் காட்டுக்குள் போனாள்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது.

“என்னக்கா, எழுப்பியிருக்கலாம்ல? என் ரயில் போச்சே!”

“தண்ணி வத்தும்போதே கெளம்பத்தான் பாத்தேன். தூக்கமே வரலைன்னு காலையில பொலம்புனீக. மோட்டாரப் போட்டா முழிச்சிருவீகன்னு விட்டுட்டேன்” என்றாள் ஜெசிந்தா. “நீங்க விட்ட கொறட்டையில அங்கன நின்ன கொக்கெல்லாம் பறந்துருச்சு. இனி தண்ணி ஏறுனாத்தான் போக முடியும்.”

சுகந்தி கோபப்படத்தான் நினைத்தாள். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. நாளை காலைக் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லக்கூட வழியில்லை.

“தண்ணி ஏறுனதும் சொல்லுங்கக்கா” என்று பையைத் தலைக்கு வைத்து மறுபடி படுத்தாள்.

“கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்றபடி ஜெசிந்தாவும் பக்கத்தில் சாய்ந்தாள்.