ஆம்லெட்டின் உச்சி

குளியலறையில் அப்பா பாடிக்கொண்டிருந்தார். அவர் பாட்டு முடிவதற்குள், ஓர் ஆம்லெட்டைத் தூக்கிப் போட்டால் எவ்வளவு உயரம் போகும் என்று கணக்கு டீச்சர் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லையென்றால் அவளுக்குக் கல்யாணம் இல்லை.

அப்பா ஒரு பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர். மகள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் காதலிக்கிறாள் என்று தெரிந்தபோது அவர் குதிக்கவுமில்லை, கத்தவுமில்லை. "கரண்டி தொடாம ஒரு ஆம்லெட்டைத் தூக்கிப் போட்டுத் திருப்பிக் காட்டச் சொல்லு. அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் மாமா கீமான்னு உறவு கொண்டாடக் கூடாது. சார்தான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த மெக்கானிக் இப்போது அவர் சமையலறையில் சட்டியும் கையுமாக நின்றான். சட்டிக்குள் ஆம்லெட்டுக்குப் பதிலாக ஈரக் கைக்குட்டை. அடுப்புக்கு நேர் மேலே, கம்பியில் அப்பாவின் செம்புச் சட்டிகள் பளபளவென்று தொங்கின. தரையிலிருந்து இரண்டு மீட்டர். அவற்றைச் சொந்தப் பெண்ணே தொட முடியாது. முட்டை தொட்டால் கதை கந்தல்.

"உயரமாப் போட்டா சட்டியில இடிக்கும். தாழப் போட்டா திரும்பாது" என்று அவன் முனகினான். "லிஃப்டுன்னா ஒரு பட்டனாவது இருக்கும்."

"புலம்பாதே. நீ கைக்குட்டையைப் போட்டதைப் படம் பிடிச்சுப் பார்த்துட்டேன். கை ஒரு மீட்டர் உயரத்துல இருக்கு. நொடிக்கு நாலு மீட்டர் வேகத்துல மேலே விடறே." அவள் கண்மைப் பென்சிலை எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் எழுதினாள்: h = −5t² + 4t + 1. "மேலே போய்க் கீழே வர்றதால இது கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி. உச்சி எங்கேன்னு பார்த்தாப் போதும். மைனஸ் பி பை டூ ஏ. பி நாலு. மைனஸ் நாலு பை பத்து. ஆச்சு, மைனஸ் பூஜ்யம் புள்ளி நாலு நொடி!"

"மைனஸ் நொடியா?"

"ஆமா."

"அப்படின்னா நான் தூக்கிப் போடறதுக்கு முன்னாடியே அது உச்சிக்குப் போயிட்டு வந்துடுமா?"

அவள் அவனை முறைத்துவிட்டு, அந்த நொடியைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தாள். உயரம், மைனஸ் ஒன்று புள்ளி நாலு மீட்டர்.

"தரைக்குக் கீழேயா?" அவன் குனிந்து தரையைப் பார்த்தான். "கீழ் வீட்டு அக்கா பாவம்டி. இப்பத்தான் எழுந்திருப்பாங்க."

குளியலறையில் பாட்டு கடைசி அடிக்கு வந்துவிட்டது. டீச்சருக்குக் காது சிவந்தது. வகுப்பில் தினம் தொண்டை கிழியக் கத்துவது எதுவோ, அதையேதான் அவள் கோட்டை விட்டிருந்தாள். "ஏ வெறும் அஞ்சு இல்ல, மைனஸ் அஞ்சு! மைனசுக்கு மைனஸ் அடிபட்டுடும். பூஜ்யம் புள்ளி நாலு நொடி. உயரம்... ஒண்ணு புள்ளி எட்டு. இடிக்காது! இதே வேகத்துல போடு, போதும்."

கதவு திறந்தது. ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே அப்பா வந்தார். தலை என்றால் பெரும்பாலும் வழுக்கைதான்.

"என்ன லிஃப்ட்டு, ரெடியா?"

"ரெடி சார்."

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. சமைக்கிறவன் கண்ணு சட்டியை விட்டு நகரவே கூடாது. நான் அப்படித்தான் பழகினவன்."

முட்டை உடைந்தது, பொங்கியது, அடிப்பக்கம் பொன்னிறமானது. அவன் கண்ணை மூடி, நொடிக்கு நாலு மீட்டர் என்று முணுமுணுத்து, சட்டியை உலுக்கினான். ஆம்லெட் எழும்பியது. செம்புச் சட்டிகளுக்கு ஒரு சாண் கீழே, டீச்சர் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்று, அழகாகப் புரண்டது.

அப்பாவின் கண் மட்டும் பழக்கத்தை விடாமல் சட்டியிலேயே இருந்தது. சட்டி காலி. "எங்கேடா காணோம்?" என்று அவர் சட்டிக்குள் தலையை நீட்டினார்.

பொத்!

உயரத்துக்குக் கணக்குப் போட்டவள், அப்பாவின் உச்சந்தலைக்குப் போடவில்லை. அப்பா நிமிரவில்லை. அடுப்படியில் முப்பது வருஷம் நின்றவருக்கு இந்தச் சூடெல்லாம் ஒரு சூடா? கையைத் தூக்கி வழுக்கையில் இருந்த ஆம்லெட்டின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார்.

"உப்பு சரியா இருக்கு. எந்தப் பக்கம் மேலே இருக்கு?"

டீச்சர் எட்டிப் பார்த்தாள். "பொன்னிறப் பக்கம்ப்பா."

"அப்போ திரும்பிடுச்சு."

"திரும்பிடுச்சுப்பா. எங்கே விழணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

அப்பா தலையிலிருந்த ஆம்லெட் நழுவாமல் மெதுவாக நிமிர்ந்தார். மெக்கானிக் சட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"சார், மன்னிச்சுடுங்க சார்..."

"இன்னும் என்னடா சார்?" என்றார் அப்பா. "ஒரு தட்டு கொண்டா. மாமா தலையில டிபன் ஆறுது பாரு."