புகை வராத அடுப்பு

கொஞ்சம் புகைந்திருந்தால் அவள் இருமியிருப்பாள். இருமியிருந்தால் விழித்திருப்பாள். விழித்திருந்தால் என்னை நாலு வார்த்தை திட்டிக்கொண்டே ஜன்னலைத் திறந்திருப்பாள்.

அக்கா இறந்துபோன பதினேழு நாளாகத் தங்கைக்கு இதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. எதிரில் அக்காவின் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவே மேஜையில் அவர் கொண்டுவந்த காகிதம்.

அவள் வேலை பார்க்கும் பட்டறை முழுக்க அவள் வடிவமைத்த அடுப்புகள். மரத்தூளை அழுத்திச் செய்த, மாத்திரை அளவிலான பெல்லட்டுகளை உருளையில் கொட்டி மேலிருந்து பற்றவைக்க வேண்டும். நெருப்பு மெல்லக் கீழே இறங்க இறங்க, அவற்றிலிருந்து கிளம்பும் வாயு மேலே சுடராக எரியும். வாயு தீர்ந்ததும் அடித்தட்டில் தழலாகக் கரி மிஞ்சும். தட்டை உருவி மூடி போட்டு அணைத்தால் இன்னொரு வேளைக்கு ஆகும். மூன்று வருஷம் அவளைப் படுத்தி எடுத்தது அந்தத் தட்டுதான். முதலில் சிக்கியது, பிறகு கையைச் சுட்டது. கடைசியில் ஒற்றை விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. பிடி சுடவே இல்லை. அன்றைக்குப் பட்டறையே கைதட்டியது. அவ்வளவு சுலபமாக வராமல் இருந்திருந்தால், அக்கா அதைப் படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டாள்.

மழை விடாத வாரம். தழல் தட்டைத் தரையில் வைத்து, அதைச் சுற்றி நாற்காலிகளில் ஈரச் சட்டைகளை விரித்துவிட்டு, மதியம் சற்றுக் கண்ணயர்ந்திருக்கிறாள். சட்டைகள் காய்ந்துவிட்டன.

"கையெழுத்துப் போடும்மா. உங்க முதலாளியே அடிச்சுக் குடுத்ததுதான். நான் போட்டுட்டேன்."

தட்டை வெளியில் வைத்து மூட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியும் உபயோகித்தவர் கேட்கவில்லை என்றது காகிதம்.

"அவ என்னைக்கு யார் பேச்சக் கேட்டா, சொல்லு? உப்பக் குறைன்னு சொன்ன டாக்டர்கிட்டயே, உங்க வீட்டுச் சமையல ஒருநாள் ருசி பாக்கணுமேன்னவ." சிரித்தார். சிரிப்பு பாதியில் எங்கோ இடறி நின்றது. அவளுக்கும் உதடு விரிந்து, அப்படியே வலித்தது.

காகிதத்தில் இருந்தது முழுப் பொய்யும் இல்லை. மூடியைப் பற்றி அக்காவிடம் சொல்லியிருந்தாள், கரி வீணாகக் கூடாதே என்று. "இன்ஜினியரம்மா, வெடிச்சுகிடிச்சு வைக்காதுல்ல?" என்று அக்கா கிண்டலடித்தபோது, "புகையே வராதுக்கா, வீட்டுக்குள்ளயே தாராளமா வச்சுக்கோ" என்று பெருமையாகச் சொன்னவளும் இவள்தான். புகை இல்லாத தழலிலிருந்தும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயு வரும் என்று படித்திருக்கிறாள். அளக்கும் கருவி அலமாரியிலேயே இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு முறை சோதித்தார்கள், எல்லாம் இந்தப் பட்டறையில், இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. மழை நாளில் ஜன்னலைச் சாத்திய ஓர் அறையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"ஜன்னல நான்தாம்மா சாத்திட்டுப் போனேன்." அவள் மனதில் ஓடியதைக் கேட்டுவிட்டவர் போல, தரையைப் பார்த்தபடி சொன்னார். "சாரல் படுக்கையில அடிக்குதேன்னு. இதுல ஜன்னலப் பத்தி ஒரு வரிகூட இல்ல, பாத்தியா?"

பார்த்திருந்தாள். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், இவர் இன்றைக்காவது தூங்குவார். ஒருவேளை தானும் தூங்கக்கூடும். பழியெல்லாம் அக்கா மேல் போய்விடும். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பித் தருகிறவள், வாய் திறக்க முடியாமல் கேட்டுக்கொள்ளும் முதல் பேச்சு இதுவாகத்தான் இருக்கும்.

பேனாவை மூடினாள். காகிதத்தை அவர் பக்கமாக மெல்ல நகர்த்தினாள்.

"ஏம்மா?"

"தட்ட வெளியில வைக்கணும்னு நான் அவகிட்ட சொல்லல மாமா. உள்ளயே வச்சுக்கோன்னுதான் சொன்னேன்."

"அப்போ ஜன்னல்?" என்றார்.

"அத நீங்க சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் சொன்னத மட்டும்தான் நான் எழுதுவேன்."

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார். அடங்காமல் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அதை உள்ளங்கையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடி எழுந்து வாசல்வரை போனவர், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாதவராக அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.