பன்னிரண்டாவது முகம்

ஆம்ப்லின் குன்றில் ஏறினால் டல்லி வீட்டு ஆட்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். அடிவாரத்துக் கம்பிவேலி வரைக்கும் நன்றாகத் தெரிவார்கள். வேலியைத் தாண்டி ஒரு காலை வைத்தால் அந்தக் கால் இருக்காது, மறு காலையும் வைத்தால் ஆளே இருக்க மாட்டார். போட்டிருக்கும் சட்டை, தொப்பி, கையிலிருக்கும் தேநீர்க் குவளை எல்லாமும் கூடவே போய்விடும். குரல் மட்டும் கேட்கும். வேறு எந்த வீட்டாருக்கும் இப்படி ஆவதில்லை. மிரடாங் ஊரில் யாரும் இதைப் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. புதிதாக வந்த ஆசிரியர்கள் மட்டும் முதல் வருடம் பள்ளிச் சுற்றுலாவைக் குன்றுக்கு அழைத்துப்போய்த் தலையெண்ணிக்கை தப்பி அலறுவார்கள், அடுத்த வருடம் ஏரிக்குப் போய்விடுவார்கள்.

காரணம் ஊர் மன்றத்துச் சுவரில் ஓவியமாகத் தொங்கியது. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றில் ஜார்ஜ் ஆம்ப்லின் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய எட்வின் லண்ட் என்ற ஓவியரைக் கூட்டிவந்து தன் நிலத்தை வரையச் சொன்னார். லண்ட் குன்றை வரைந்தார், அதன் சரிவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த டல்லிகளின் முன்னோர்களையும் வரைந்தார். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே அவர்கள் அங்கே எப்போதும் இருந்தவர்கள். குன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் வேறு, அதை வெளியாட்களிடம் சொல்வதில்லை. ஆம்ப்லினுக்குப் படம் பிடித்தது, ஆட்கள் பிடிக்கவில்லை. படத்தை லண்டனில் காட்டி நிலத்தை விற்க நினைத்திருந்தார். ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற இடமாகத் தெரிந்தால் யார் வாங்குவார்? ஆட்களை அழிக்கச் சொன்னார். லண்ட் பழுப்பு வண்ணத்தைக் குழைத்து அவர்கள்மேல் பூசினார். புகை மட்டும் அழகாக வந்திருந்ததால் அதை விட்டுவிட்டார். அன்று மாலையிலிருந்து குன்றில் புகை தெரிந்தது, ஆட்கள் தெரியவில்லை. அளக்க வந்த அரசு அதிகாரி, இடம் காலி என்று எழுதிக்கொண்டு போனார். அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கு யாரும் படவில்லை.

அதற்குப் பிறகு ஐம்பது வருடம் கழித்து ஊரார், பந்தைக் கையில் பிடித்தும் ஓடலாம் என்கிற அந்த நாட்டுக் கால்பந்துக்கு ஒரு மைதானம் வெட்டினார்கள். இடம் போதாமல் வடக்குப் பக்கத்துக் கோல் கம்பங்களைப் பழைய வேலியை நகர்த்திக் குன்றுக்குள் நாற்பது தப்படி தள்ளி நட்டார்கள்; ஆள் மறையும் எல்லை மட்டும் பழைய வேலி இருந்த இடத்திலேயே இருந்தது. அதுதான் மிரடாங்கின் அதிர்ஷ்டம். டல்லி வீட்டுப் பையன் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஓடினால் கம்பங்களுக்கு நாற்பது தப்படிக்கு முன்னால் அவனும் இல்லை, பந்தும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பந்து மட்டும் கம்பங்களுக்கு நடுவே பறந்துவரும். எதிரணியார் கத்தோ கத்தென்று கத்தினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் போட்டி நடத்தும் சங்கம், டல்லிகள் கழுத்தில் மணி கட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும் என்று விதி போட்டது. அந்த வருடம் டல்லிகள் ஒருவர்கூட ஆட வரவில்லை. மிரடாங் எல்லா ஆட்டத்திலும் தோற்றது. அடுத்த வருடம் விதியை ஓசைப்படாமல் எடுத்துவிட்டார்கள். மொத்தம் பதினான்கு கோப்பைகள். மன்றத்தில் சிறந்த ஆட்டக்காரர்களின் பெயர்ப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு டல்லி பெயர்கூடக் கிடையாது, ஏனென்றால் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்கள் கண்ணால் கண்ட ஆட்டத்துக்குத்தான் ஓட்டுப் போட முடியும்.

எண்பத்தொன்பதில் இறுதி ஆட்டத்தில் வெர்ன் டல்லி வடக்குப் பக்கம் ஏழு கோல் போட்டான். சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்தை டெஸ் ஹார்கன் என்ற தடுப்பாட்டக்காரனுக்குக் கொடுத்தார்கள். வெர்னுக்கு அப்போது இருபத்தாறு வயது. காலணிகளைக் கழற்றி டெஸ்ஸின் மடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வேலியைத் தாண்டினான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்தக் குன்றுல என்னைப் பார்க்கத் தெரியாதவனுங்க நடுவுல நான் எதுக்குடா நிக்கணும்? இங்கயே வச்சு என்னைப் பாருங்க, அன்னிக்கு இறங்கி வரேன்." கோபத்தில் சொல்கிறான், குளிர் வந்தால் இறங்கிவிடுவான் என்றார்கள். இருபத்திரண்டு குளிர்காலம் போயிற்று. பழைய ஆடு மேய்ப்பவர் குடிசையில் இருந்துகொண்டான். குன்று அதற்குள் அரசு நிலமாகியிருந்தது, வெளியேறச் சொல்லி நோட்டீஸோடு வந்த அதிகாரி யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

அவன் தங்கை நரெல் ஓவியர். ஆட்களின் முகங்களை வரைகிறவர் என்று பெரிய நகரங்களில் பெயர் வாங்கியவர். ஊரில் பாதிப் பேர் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் குன்றுக்குப் போய் அண்ணனோடு சாப்பிடுவார். இரண்டு தட்டில் பரிமாறுவார், இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, இருவரும் தடவித் தடவிச் சாப்பிட்டுவிட்டு ஊர் வம்பு பேசுவார்கள். அண்ணனின் முகம் அவர் நினைவில் அவனுடைய இருபத்தாறு வயதிலேயே நின்றுபோயிருந்தது. இரண்டாயிரத்துப் பதினொன்று மார்ச்சில் கண் மருத்துவர், நரெலின் பார்வை நடுவிலிருந்து கரைந்துவருகிறது, கிறிஸ்துமஸுக்குள் நடுப்பகுதி போய்விடும் என்றார். ஓரங்கள் தெரியும், நேராகப் பார்க்கும் எதுவும் தெரியாது. முகங்கள்தான் முதலில் போகும். நரெல் காருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு குன்றுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"ஒரே ஒரு தடவை வேலிக்கு அந்தப் பக்கம் வா அண்ணே. நான் பார்த்துக்கறேன். அப்புறம் நீ எங்க வேணாப் போ."

"வந்துடுவேன், தங்கச்சி," என்றான் வெர்ன். "நீ இன்னொரு தடவை கேட்டா வந்துடுவேன். ஆனா அப்புறம் நான் ஒண்ணுமே இல்லாதவன்."

நரெல் இன்னொரு தடவை கேட்கவில்லை. அதை நினைத்து அவருக்கே தன்மேல் எரிச்சல்.

அந்த ஆண்டு படத்துக்கு நூற்றைம்பது வயது. அதைத் துடைத்துப் பளபளப்பாக்க ஊர் மன்றம் மெல்போர்னிலிருந்து இமோஜென் என்ற பெண்ணை வரவழைத்தது. பழைய ஓவியங்களை எச்சிலால் துடைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, வாயில் ஈரமாக்கி, அழுக்கின்மேல் மெதுவாக உருட்டுவார்கள். புகைக்குக் கீழே பழுப்புத் திட்டு ஒன்று மேல்பூச்சு என்று இமோஜென் உடனே கண்டுகொண்டாள், ஆனால் அவள் பெட்டியிலிருந்த எந்தத் திரவத்துக்கும் அது அசையவில்லை. வேடிக்கை பார்க்க வந்த நரெலிடம் ஒரு குச்சியைக் கொடுத்து, நீங்களும்தான் உருட்டிப் பாருங்களேன் என்றாள். நரெல் பஞ்சை வாயில் வைத்து எடுத்து உருட்டினார். பழுப்பு கரைந்தது. ஒரு பாதம் தெரிந்தது.

மன்றத்தில் அன்றே கூட்டம் போட்டுவிட்டார்கள். டெஸ் ஹார்கன் இப்போது கால்பந்துக் கழகத்தின் தலைவர். "ஏம்மா நரெல், தெரியாம இருக்கறது உங்க வீட்டுப் பசங்களுக்குத்தானே நல்லது? பதினாலு கோப்பை! தெரிய ஆரம்பிச்சா நம்மள நாய்கூட மதிக்காது," என்றார். நரெல், "பதினாலு கோப்பையிலயும் எங்க பேரைத் தேடிப் பாருங்க டெஸ், நான் இங்கயே நிக்கறேன்," என்று சொல்லிவிட்டு நின்றார். டெஸ் தேடப் போகவில்லை. ஓட்டெடுப்பில் சமமாக வந்தது. பதினெட்டு வருடம் நடுவராக இருந்து காணாத கோல்களுக்காக வசவு வாங்கியே நொந்துபோன ஒரு உறுப்பினர் கடைசியாகக் கையைத் தூக்கிச் சுத்தம் செய்யச் சொன்னார்.

வெர்னைத் தவிர டல்லிகள் எல்லோரும் வந்தார்கள். மன்றத்து மடக்கு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து பஞ்சை நனைத்து நனைத்துக் கொடுத்தார்கள். எச்சில் ஊறுவதற்கென்று புளிப்பு மிட்டாய் பொட்டலம் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை படத்தில் நெருப்பைச் சுற்றிப் பதினொரு பேர் இருந்தார்கள். வியாழக்கிழமை நரெலின் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது; வெள்ளிக்கிழமை இமோஜென் எண்ணியபோது பன்னிரண்டு. உயிரோடிருக்கும் டல்லிகளும் அத்தனை பேர்தான். இமோஜென் தன் அறிக்கையில் எண்ணைத் திருத்திக் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை நரெல் காரை எடுத்துக்கொண்டு குன்றுக்கு ஓடினார். வெர்ன் குடிசை வாசலில் நின்றுகொண்டிருந்தான், தெரிந்தான், தொப்பி முதல் கால் வரை. முகம் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் வழவழவென்று பழுப்பாக இருந்தது. நரெல் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார், மூக்கு இருந்தது; கார் கண்ணாடியில் பார்த்தார், இல்லை. எட்வின் லண்ட் அவர்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவே இல்லை. தூரத்திலிருந்து தலைக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஷேவிங் பண்ற வேலை மிச்சம்," என்றான் வெர்ன். பிறகு, "அழாத. நீ எதுக்குப் படம் போடப் படிச்சே?" என்றான்.

பழைய ஓவியத்தில் புதிதாக ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்பது இமோஜெனின் தொழில் தர்மம். அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தன் பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியை நரெலின் மேசையில் வைத்துவிட்டு, ஆறு மாதம் விடுப்பில் போவதாக எழுதிக்கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். நரெல் மூன்று முடி மட்டும் உள்ள தூரிகையால் வேலையைத் தொடங்கினார். டல்லிகள் ஒவ்வொருவராக மன்றத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தலையும் மிளகளவு. கைக்குழந்தை தூங்கும்போது வரைந்தார், தன்னைக் கண்ணாடியைப் பார்த்து வரைந்தார். ஒரு முகம் முடிய ஒரு வாரம் ஆயிற்று, பிறகு பத்து நாள், பிறகு இரண்டு வாரம். தூரிகை முனை இருக்கும் இடத்தில் சாம்பல் நிறமாக ஒன்று வந்து உட்கார ஆரம்பித்திருந்தது. வரைந்து முடித்தவர்கள் குன்றுக்குப் போய் முகத்தோடு நின்றார்கள். ஊரார் வேலியோரம் காரை நிறுத்திப் பார்த்துவிட்டு, சரிதான் என்று போனார்கள். கழகம் எல்லா ஆட்டத்திலும் தோற்றுக்கொண்டிருந்தது.

ஆகஸ்டு கடைசியில் பதினொரு முகங்கள் முடிந்தன. வெர்ன் பாக்கி. அவன் கீழே வந்து உட்கார மாட்டான், முகம் தெரியாமல் பார்த்ததைப் பார்த்ததாக அவன் கணக்கில் சேர்க்கவில்லை; குன்றுக்குள் அவனுக்கு முகம் கிடையாது. இமோஜென் வண்டியோட்ட, நரெல் குன்றுக்குப் போனார். இடது கையை அண்ணன் முகத்தில் வைத்து, நெற்றி, புருவம், மூக்கு, உதடு என்று ஒரு மணி நேரம் தடவினார். "கூசுது," என்றான். "சும்மா இரு அண்ணே." பிறகு அந்தக் கையால் எதையும் தொடாமல், கதவைக்கூட வலது கையால் திறந்து, மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு மன்றத்துக்குத் திரும்பி, கை மறப்பதற்குள் வரைந்தார். ஒன்பது தடவை இப்படிப் போய்வந்தார். இருபத்தாறு வயது முகம் அவர் நினைவில் சுத்தமாக இருந்தது. அதை வரைந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும், வெர்னும் இளமையாக எழுந்து வந்திருப்பான். கைக்குத் தட்டுப்பட்டது வேறு. கன்னம் தொங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது, தாடையில் முள்கம்பி கிழித்த தழும்பு ஒன்று, அதைப் பற்றி அவன் சொன்னதே இல்லை. நரெல் தழும்பையும் வரைந்தார். கடைசிப் புள்ளிகளை வைக்கும்போது நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இமோஜென் காதருகே, "இடது பக்கம், இன்னும் கொஞ்சம், போதும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். நான்கு பகுதியாக ஆடும் ஆட்டத்தின் இரண்டாவது இடைவேளையில் வடக்குக் கோல் கம்பங்களுக்குப் பின்னாலிருந்து நாற்பத்தெட்டு வயது ஆள் ஒருவர் வெறுங்காலோடு சரிவில் இறங்கிவந்தார். குன்றுக்குள்ளேயே, பட்டப்பகலில், ஊர் முழுக்கப் பார்த்தது. யாரோ கார் ஹாரனை அடித்தார், பிறகு மைதானத்தைச் சுற்றி நின்ற எல்லாக் கார்களும் அடித்தன. கோல் விழுந்தால் அப்படித்தான் செய்வார்கள். டெஸ் ஹார்கன் எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார். வெர்ன் அவரைத் தாண்டி, மைதானத்து வேலியைத் தாண்டி, நரெலின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான்.

நரெல் அண்ணனை நேராகப் பார்த்தார். தொப்பி தெரிந்தது, தோள்கள் தெரிந்தன, நடுவில் சாம்பல். சட்டென்று தலையைக் கோல் கம்பங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவ்வளவு நாள் கழிச்சு வந்திருக்கேன், முகத்தைத் திருப்பிக்கறியே?" என்றான் வெர்ன்.

"இப்படித் திரும்பினாத்தான் உன் முகம் தெரியுது. அசையாம நில்லு."

அவன் அசையாமல் நின்றான். நரெல் கண்ணோரத்தால் நெற்றியிலிருந்து தொடங்கினார். மூன்றாம் பகுதி ஆரம்பிக்க விசில் ஊதினார்கள், இருவரும் அப்படியே இருந்தார்கள், யாரும் மறைக்கிறது என்று சொல்லவில்லை. "அப்பா மாதிரி ஆயிட்டே," என்றார் நரெல் கடைசியில். பிறகு வெர்னுக்குப் பசித்தது. மைதானத்துத் தின்பண்டக் கடை ஜன்னலில் போய் நின்றான். அங்கே இருந்த பெண் அவன் முகத்தைப் பார்த்து, இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டத்துக்குத் தக்காளிச் சாஸ் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள்.