பத்து நிமிஷக் கட்டு

"கிழிக்கிற மாதிரி பழந்துணி எதுனா குடுடி," என்று கை நீட்டினாள் அஞ்சலாட்சி. செத்துப்போன ராமதாஸின் அக்கா. தம்பியின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும், விறைத்துவிட்டால் கஷ்டம்.

செல்லம்மா எழுந்திருக்கவில்லை. புருஷனின் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடியில் ஒரே ஒரு துண்டு தொங்கியது. அஞ்சலாட்சி அதை உருவப் போனாள்.

"அது வேணாம் அண்ணி."

"ஏன்டி, கிழிஞ்சதுதானே?"

"வேணாம்."

அஞ்சலாட்சி முறைத்துவிட்டு, தன் பழம்புடவையின் ஓரத்தையே பல்லால் கடித்துக் கிழித்தாள்.

முப்பது வருஷம் காசிமேட்டில் விசைப்படகு ஏறி வலை இழுத்த உடம்பு ராமதாஸுக்கு. கிட்னி போன பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அதற்காக இடது மணிக்கட்டுக்கு மேலே ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். காது வைத்தால் உள்ளே ர்ர்ர் என்று ஓடும். அது நின்றுவிட்டால் ரத்தம் மெஷினுக்குப் போக வழியில்லை, தினமும் கேளுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்தக் கையில் வாட்ச்கூடக் கட்டக் கூடாது.

"இன்ஜின் ஓடுதா?" என்று காலையில் கண்ணடிப்பான்.

"ஓடுது, ஓடுது," என்பாள் செல்லம்மா.

ஆனால் வலிக்கு யாரும் வழி சொல்லவில்லை. கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். முட்டி, தோள், மணிக்கட்டு என்று மூட்டு மூட்டாக வலி. மூன்று வாரமாகத் தூக்கமே கிடையாது. நேற்று மத்தியானம் அழுதேவிட்டான்.

"போட்டுல கை வலிச்சா இன்னா பண்ணுவோம்? ஈரத்துணிய இறுக்கக் கட்டிகினு வலைய இஸ்துகினே இருப்போம். கட்டுடி."

"அந்தக் கையில கூடாதுய்யா."

"பத்து நிமிஷம். உன் கால்ல வுழறேன்."

கட்டினாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. பத்து நிமிஷம் ஆனதும் முடிச்சில் கை வைத்தாள். தூக்கத்திலேயே முகம் சுளித்தான். எழுப்ப மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் சந்தோஷமாக இருந்தாள். இப்போது தாங்க முடியாமல் இருப்பது அதுதான்.

முடிச்சை அவிழ்த்தபோது மணி ஐந்து. காது வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

அவனிடம் சொல்லவில்லை, மகள் ஜோதிகாவிடமும் சொல்லவில்லை. காலையில் எப்படியும் டயாலிசிஸுக்குப் போகிறோம், அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். விடியும்போது அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

"கைய வுடு, நெஞ்சு மேல வெக்கணும்," என்று அஞ்சலாட்சி இடது கையைத் தூக்கினாள். மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது, துணியின் மடிப்பு தெரிகிற மாதிரி. கொடியில் தொங்கிய துண்டைப் பார்த்தாள். பிறகு செல்லம்மாவைப் பார்த்தாள்.

"நான்தான் கட்னேன் அண்ணி. வலி தாங்கலன்னு கெஞ்சிச்சி."

அஞ்சலாட்சி தம்பியின் கையைக் கீழே வைக்காமலே இருந்தாள்.

"தூங்கினானா?"

"மூணு மணி நேரம்."

ஜோதிகா அருகில் வந்து குனிந்தாள். "அத்த, அப்பா கையில இன்னா அது?"

"ஊசி குத்துன எடம்டி. ஐஸ் பொட்டி வந்துகினு கீதான்னு போய் பாரு." அஞ்சலாட்சி தம்பியின் கழுத்தில் கிடந்த மாலையை இழுத்து மணிக்கட்டின் மேல் போட்டாள்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டி பத்து மணிக்குத்தான் வந்தது. ராமதாஸை உள்ளே வைத்து மூடினார்கள். கொண்டுவந்தவர் ஸ்விட்சைப் போட்டார்.

ர்ர்ர் என்று பெட்டி ஓட ஆரம்பித்தது.

செல்லம்மா தலை நிமிர்ந்தாள். முட்டி போட்டே நகர்ந்து வந்து, அவன் இடது கை இருந்த இடமாகப் பார்த்துக் கண்ணாடியில் காதை வைத்தாள்.

"அழட்டும், வுடுங்க," என்றாள் ஒருத்தி.

அவள் அழவில்லை. "ஓடுது, ஓடுது," என்று கண்ணாடிக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.