கண்ணில் பூ விழுந்த குருவி

கோயில் சிலைகளுக்கு வர்ணம் தீட்டும் சுகுமாரன் கைபட்ட முனீஸ்வரன்கள் குருணிலிருந்து செர்டாங் வரை ரப்பர் தோட்டம் தோட்டமாக முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். மீசையை யார் வேண்டுமானாலும் இழுத்துவிடலாம். கண் திறக்க மட்டும் அவர்தான் வர வேண்டும். அப்படிப்பட்ட மனுஷனிடம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நுரையீரல் கெட்டிருக்கிறது, இனி எனாமல் பெயிண்டும் தின்னரும் கிட்டேயே வரக் கூடாது.

கூட வேலை செய்த பிச்சை போன் போட்டான்.

"அண்ணே, குருண் கோயில் வேலய நானே எடுத்துக்கிட்டேன். நீங்க வீட்டுல சும்மாதான இருக்கீங்க? ரெஸ்ட் எடுங்கலா."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், பாவம். ஆனால் அந்தச் 'சும்மா' சுகுமாரனைத் தூங்கவிடவில்லை. பிரஷ் பிடிக்காத சுகுமாரன் என்று ஒருவனை அவருக்கே அறிமுகமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கார் ஆராங் சமூக மண்டபத்தில் நடந்த வாட்டர்கலர் வகுப்பில் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். தண்ணீரில் கரைக்கிற சாயம், நெடியே கிடையாது. வாசலுக்கு வரும் சின்னக் குருவிகளை வரைவதுதான் பாடம். சொல்லிக்கொடுத்த தாராவுக்கு அவர் மகள் வயதிருக்கும்.

தேன்சிட்டின் மஞ்சள் வயிறும் பாசிநிற முதுகும் சொன்னபடி கேட்டன. கண்தான் மக்கர் செய்தது.

"அங்கிள், கண்ண மொதல்ல போடுங்க," என்றாள் தாரா. "நடுவுல ஒரு புள்ளி மட்டும் பேப்பர அப்படியே விட்ருங்க. இதுல வெள்ளைன்னா பேப்பர்தான். அப்புறமா வைக்க முடியாது."

"கண்ணு மொதல்லயா? தலையே இல்லாதப்ப கண்ணத் தொறந்தா அது என்னத்தம்மா பாக்கும்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. சாமிக்கு எல்லாம் முடிந்த பிறகு, பூசை போட்டு, எதிரே கண்ணாடி காட்டி, திறப்பவன் ஒதுங்கி நின்றுதானே கண் திறப்பது? முதல் பார்வை ஆள்மேல் விழக் கூடாது. ஆயுசு முழுக்க ஒதுங்கி நின்ற உடம்பு அது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாறிவிடுமா?

அதனால் கண்ணைக் கடைசியிலேயே வைத்தார். ஈரத்தில் கறுப்பு ஊறிப் பரவியது. பழக்க தோஷம், அதன்மேல் வெள்ளையை ஒற்றினார். சுண்ணாம்பாக அப்பிக்கொண்டது. வீட்டில் மனைவி வாசுகி தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்குக் கண்ணுல பூ விழுந்துருச்சா? பேசாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

சொன்னவள் சிரித்தாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு தாளை எடுத்தார். அதையும் கிழித்தார். குப்பைக்கூடை நிறையக் குருட்டுக் குருவிகள். அவர் முகத்தைப் பார்த்த வாசுகிக்கு ஏன் வாயைக் கொடுத்தோம் என்றிருந்தது. சத்தமில்லாமல் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"விட்டுடலாம்லங்க?"

"விடறதா? இந்தக் குருவி என்னைய பாக்கற வரைக்கும் விடமாட்டேன்."

கார் நிறுத்தும் கொட்டகையில், ஆர்க்கிட் தொட்டி தொங்கும் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. மறுநாள் காலை ஸ்டூலைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார். கூட்டின் வாசலுக்குள் ஒரே இருட்டு. இருட்டில் ஒரு மூக்கு, ஒரு கண். வேறெதுவும் இல்லை. தலை எது, உடம்பு எது, ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் ஒளிப்புள்ளியோடு அவரையே பார்த்தது. அவர் பழக்கப்படி ஒதுங்கினார். அது மூக்கைத் திருப்பி மறுபடியும் பார்த்தது.

சுகுமாரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் வந்து தொறக்கற வரைக்கும் இது காத்துக்கிட்டா இருக்கும்!"

உள்ளே போய்ப் புதுத் தாளை விரித்தார். மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை காத்திருந்து, காய்ந்த தாளில் நேராகக் கண்ணை வைத்தார். நடுவில் ஊசி முனையளவு தாளைத் தொடாமல் விட்டார். கறுப்பு பரவவில்லை. வெள்ளைத் தாளின் நடுவே ஒற்றைக் கண் பளிச்சென்று திறந்து அவரைப் பார்த்தது. அவர் தோள் தானாக ஒதுங்கப் பார்த்தது. இழுத்துப் பிடித்து நேராக உட்கார்ந்தார்.

"பாரு, நல்லாப் பாரு," என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பிச்சையின் போன். வாசுகி எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"அண்ணே, சும்மாதான இருக்கீங்க?"

"வேலயா இருக்கேன்டா. கண்ணத் தொறந்துட்டேன், ஒடம்புதான் பாக்கி."



"கண்ணத் தொறந்துட்டீங்களா? எந்தக் கோயில்லண்ணே?"

"வீட்டுலதான்டா," என்றார் சுகுமாரன், மஞ்சளில் பிரஷைத் தோய்த்தபடி.