உள்பாவாடை சுற்றிய கள்ளி

பெண்டாட்டியை விட்டு இன்னொருத்தி பின்னால் போன ஆண்கள் எத்தனையோ பேர். மாத்தளையில் யட்டவத்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்த சிவலிங்கம் ஒரு முள்ளுருண்டையின் பின்னால் போனார். அதைத்தான் சந்திரகாந்தாவால் சகிக்க முடியவில்லை. இன்னொருத்தி என்றால் மயிரைப் பிடித்தாவது இழுக்கலாம். கள்ளியை எங்கே பிடிப்பது?

எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, சீமைக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் தொரை அந்தக் கள்ளிச் சட்டியை சிவலிங்கத்தின் கையில் கொடுத்து, ஒழுங்காகப் பார்த்தால் ஐம்பது வருஷம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை இல்லாத வீட்டில் அன்றிலிருந்து ஜன்னலோர மேசை அதற்குத்தான். மாதம் ஒருமுறை, எண்ணி ஆறு தேக்கரண்டித் தண்ணீர். அதற்கு மேல் ஊற்றினால் அழுகிச் செத்துவிடுமாம்.

இதைக் காதில் வாங்கிய சந்திரகாந்தா, வெள்ளிக்கிழமை தவறாமல், அவர் ஆபீசுக்குப் போனதும், அரிசி கழுவிய தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவந்து அதன் தலையில் கொட்டினாள். சாகட்டும் என்றுதான். அந்தச் சனியன் சாகவில்லை. பூசணிக்காய் அளவுக்குப் பருத்து, உச்சியில் ஒரு ரோஸ் நிறப் பூவையும் வைத்துக்கொண்டு நின்றது.

எண்பத்து மூன்று ஆடியில் கலவரம் வந்தது. மாத்தளை டவுனில் தமிழர் கடைகள் எரிகிற புகை தோட்டம் வரைக்கும் தெரிந்தது. ஆட்களை ஏற்றிப்போக லொறி வந்ததும், "பிரஜாவுரிமைப் பத்திரத்தை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு சந்திரகாந்தா ஓடிப்போய் ஏறினாள். இரண்டு பேரும் இந்த நாட்டு ஆட்கள் என்று சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே காகிதம் அது. சிவலிங்கம் கடைசியாக வந்தார். கையில் கள்ளி. கள்ளியைச் சுற்றி, கொடியில் காய்ந்த அவளுடைய சிவப்பு உள்பாவாடை. லொறியில் இருந்த நாற்பது பேரும் உயிர்ப்பயத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு அந்தப் பாவாடையைப் பார்த்தார்கள்.

மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள் அகதி வாழ்க்கை. ஒன்பது நாளும் அவள் புருஷனோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு பாப்பம்மாதான் வந்து வந்து, "கிளாக்கரம்மா, பாவாடையில முள்ளு எடுத்தாச்சா?" என்று விசாரித்தாள்.

பத்தாம் நாள் ஓர் உத்தியோகத்தர் மேசை போட்டு உட்கார்ந்தார். பத்திரம் உள்ளவர்கள் தோட்டத்துக்குத் திரும்பலாம். இல்லாதவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறும் வரிசை. இந்தியா என்றால் சந்திரகாந்தாவுக்கு சினிமாக் கொட்டகையில் பார்த்தது மட்டும்தான். அங்கே அவளுக்கு ஒரு நாதியும் கிடையாது. ஒன்பது நாளைக்குப் பிறகு அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பத்திரத்த விட்டுட்டு முள்ளத் தூக்கிட்டு வந்தீங்களே, மனுஷனா நீங்க?"

"பத்திரம் இந்தச் சட்டிக்குள்ளதான் இருக்கு. எழுபத்தேழு கலவரத்தப்பவே டின்னுல போட்டுப் பொதைச்சுட்டேன். எந்தத் திருடன் இதுக்குள்ள கைய விடுவான்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா தண்ணி எடுக்கப் போற எடத்துல பாப்பம்மாகிட்டச் சொல்லுவ."

அது உண்மைதான். அப்பாடா என்று மூச்சுவிடப் போனவளுக்கு வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. ஆறு வருஷத்து வெள்ளிக்கிழமைகள்.

சிவலிங்கம் கரண்டியால் மண்ணைத் தோண்டினார். தொரையின் பழைய சிகரெட் டின் துருப்பிடித்து சல்லடையாகியிருந்தது. ஈரக் காகிதத்தில் முத்திரை இருந்தது, நம்பர் இருந்தது, சிவலிங்கம் என்ற பேரும் இருந்தது. அதற்குக் கீழே, அவள் பேர் இருந்த இடத்தில், நீலமாக ஒரு கறை.

மேசையில் வைத்த காகிதத்தைப் பார்த்து உத்தியோகத்தர் சிங்களத்தில் சொன்னார். "நீங்க வீட்டுக்குப் போகலாம். இந்த அம்மா பேர் இதுல இல்ல. அவங்க மத்த வரிசையில நிக்கணும்."

"நாந்தான் ஊத்தினேன்" என்றாள் சந்திரகாந்தா புருஷனிடம். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம."

"தெரியும். மண்ணு ஈரமா இருக்கும். ஒனக்கும் அதுமேல பாசம் வந்திருச்சுன்னு நெனச்சேன். டின்னு தாங்கும்னு விட்டுட்டேன்."

சிவலிங்கம் மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசில் கரண்டியை விட்டு ஒரு கரண்டி அள்ளினார். தன் பேரின் மேல் ஊற்றி, கட்டைவிரலால் நிதானமாகத் தேய்த்தார். அங்கேயும் நீலக் கறை வந்தது.

உத்தியோகத்தர் அவரைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பேர் இல்லையென்றால் அந்த ஆள் பதியப்படாதவர். இரண்டு பேரும் இல்லாமல் முத்திரையும் நம்பரும் மட்டும் இருந்தால் அது பழுதடைந்த பத்திரம். இரண்டு பேரையும் கேட்டு எழுதிப் புதிது கொடுக்க அதற்குத் தனி ஃபாரம் இருந்தது. அரசாங்கம் இதையெல்லாம் யோசித்துத்தான் வைத்திருக்கிறது. அவர் சலிப்போடு ஃபாரத்தை எடுத்தார். சிவலிங்கம் அதற்குள் குனிந்து கள்ளிக்கு மண் அணைக்கத் தொடங்கியிருந்தார்.

"உங்க பேர் என்ன?"

"சந்திரகாந்தா."

"புருஷன் பேர்?"

ரேஷன் அரிசி வாங்கும் கூப்பன் கடையில் இதைக் கேட்டால் அவளுக்காக பாப்பம்மாதான் சொல்லுவாள். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அவளை வளர்த்திருந்தார்கள். பின்னால் நின்ற பாப்பம்மா வாயைத் திறந்தாள். சந்திரகாந்தா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"சிவலிங்கம்" என்றாள். உத்தியோகத்தருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னாள்.